நகராத காற்று

புயலைத் துரத்திக்கொண்டு போய்ப் பார்க்கிற குரு ஒருவர் இருந்தார். அவருக்கு ஆசிரமம் கிடையாது, காவி கிடையாது. ஆலங்கட்டி அடித்து அடித்து உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்த பழைய வெள்ளை வேன் ஒன்றுதான் உண்டு.

பெயர் செண்பகவல்லி. பிறந்த ஊர் கோவில்பட்டி. வாழ்க்கைப்பட்டு வந்து சேர்ந்த இடம் அமெரிக்காவின் நடு வயிற்றில் இருக்கிற ஒக்லஹோமாச் சமவெளி. வயது நாற்பதைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான். பாடம் கேட்க வருகிறவர்கள் குருவே என்றெல்லாம் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவர் 'அக்கா'.

அந்தச் சமவெளியில் சித்திரை, வைகாசி பொல்லாத மாதங்கள். மதியம் வரை வானம் கழுவிக் கவிழ்த்த வெண்கலப் பானை மாதிரி பளபளவென்று இருக்கும். பிறகு மேற்கே ஒரு வெள்ளைக் கட்டி முளைக்கும். காப்பி குடித்து முடிப்பதற்குள் கட்டி மலையாகும். மலை உச்சியில் தலை விரியும், அடிவயிறு கறுக்கும். என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கறுத்த வயிற்றிலிருந்து டொர்னேடோ, எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி ஒரு சுழல்காற்று, இறங்கித் தரையைத் தொடும். தொட்ட இடத்தில் வீடு இருந்தால், பிறகு வீடு இருக்காது.

ஜெசிந்தா அக்காவைத் தேடி வந்தது பங்குனி முடிகிற நேரத்தில். தூத்துக்குடிப் பெண். கைக்குழந்தைக்காரி. மகள் மிரியம் அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள்.

"அக்கா, நான் புயல் பாக்க வரல," என்றாள். "எனக்குப் பயத்தை விடணும். அதைச் சொல்லிக் குடுங்க."

"என்ன பயம்?"

"இந்த ஊருக்கு வந்ததுலேருந்து புயல் வருதுன்னு சங்கு ஊதினா எனக்கு ஈரக்குலை நடுங்குது. மேகம் கறுத்தா போதும், பிள்ளையைத் தூக்கிட்டு எதிர்வீட்டு நிலவறைக்கு ஓடிருதேன். அந்த டோரதி அம்மா நல்ல மனுஷி, ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா அவ நாய்கூட என்னைப் பாத்தா இப்பல்லாம் தானாவே நிலவறைக் கதவுகிட்டப் போய் நிக்குது."

அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான். அவன் முகுந்தன், கோயம்புத்தூர்க்காரன், அக்காவிடம் இரண்டு வருஷமாகப் பாடம் கேட்கிறவன்.

"சிரிங்க, சிரிங்க," என்றாள் ஜெசிந்தா. "இன்னும் கேளுங்க. சனிக்கிழமை மத்தியானம் சங்கு வேலை செய்யுதான்னு சோதனைக்கு ஊதுவாங்கல்ல? அதுக்கும் ஓடியிருக்கேன். வெயில் பல்லைக் காட்டிட்டு இருக்கு, நான் நிலவறைக்குள்ள ஜெபமாலை சொல்லிட்டு இருக்கேன்."

"வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் அக்கா.

"பெலிக்ஸ் முதல்ல கூட வந்தாரு. அப்புறம் வாசல் வரைக்கும் வந்தாரு. போன வாரம், 'இனிமே என்னை அந்தக் குழிக்குள்ள இறங்கச் சொன்னேன்னா பாரு'ன்னுட்டாரு. நான் ஆபீஸ்லேருந்து போன் பண்ணி மேகம் வருதுன்னு சொன்னா, 'மேகம் வராம மீனா வரும்'னு வச்சிருதாரு. நெசமாவே ஒரு நாள் வந்து, அன்னைக்கு நான் வீட்டுல இல்லாம இருந்தா? அதை நினைச்சாத் தூக்கம் வரல, அக்கா."

அக்கா வேன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சனிக்கிழமை வா. நீதான் ஓட்டணும்."

முகுந்தன் நிமிர்ந்தான். "அக்கா, ரெண்டு வருஷமாக் கேக்கறேன், எனக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூட விட மாட்டீங்க. பயந்துக்கறவங்க கையில சாவியக் குடுக்கறீங்களே, நல்லாருக்குங்களா இது?"

"நீ ஓட்டினா எங்க போவ?"

"புயலுக்குக் கிட்டங்க."

"அதான்," என்றார் அக்கா.

*

முதல் சனிக்கிழமை. தூரத்தில் ஒரு மேகம் இடித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா சாலையோரம் வேனை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கப் போனாள்.

"திருப்பி நிறுத்து," என்றார் அக்கா.

"என்னக்கா?"

"மூக்கு மேகத்தைப் பாத்து இருக்கு. முதுகு மேகத்தைப் பாத்து இருக்கணும். போற வழியப் பாத்து நிறுத்து. சாவி அதுலயே கிடக்கட்டும். அப்புறமா இறங்கி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு."

ஜெசிந்தா வேனைத் திருப்பி நிறுத்தினாள். இறங்கினாள். மேகத்துக்குள் மின்னல் குத்துவிளக்குத் திரி மாதிரி எரிந்து எரிந்து அணைந்தது.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் அக்கா.

"ஐயோ, பயங்கரமா இருக்கு."

"அது உன்னைப் பத்தி. நான் மேகத்தைக் கேட்டேன்."

ஜெசிந்தா மறுபடி பார்த்தாள். "ரொம்பப் பெருசா இருக்கு. விழுங்கிரும் போல இருக்கு."

"அதுவும் உன்னைப் பத்திதான்."

அன்று முழுதும் அதேதான் நடந்தது. அக்கா கேட்பார், ஜெசிந்தா சொல்வாள், அக்கா தலையை ஆட்டுவார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஜெசிந்தாவுக்கு அழுகை முட்டியது.

"என்னதான் சொல்லணும், அக்கா?"

"நாங்க வானிலை ஆபீசுக்கு ரேடியோவுல சொல்லுவோம். எங்க நிக்கிறோம், எந்தத் திசையில பாக்கிறோம், என்ன தெரியுது, எந்தப் பக்கம் நகருது. இவ்வளவுதான் கேப்பாங்க. பயமா இருக்கான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

இரண்டாவது சனிக்கிழமை ஜெசிந்தா சொன்னாள்: "மேற்க ஒரு மேகம். அடி மட்டமா இருக்கு, தோசைக்கல்லு மாதிரி. இடது ஓரத்துல ஒரு திட்டு மட்டும் கீழ இறங்கியிருக்கு. மழை வலது பக்கம்."

"இறங்கின திட்டு சுத்துதா?"

ஜெசிந்தா நெடுநேரம் பார்த்தாள். "சுத்தல."

அக்கா ஃபிளாஸ்கைத் திறந்து அவளுக்கு டீ ஊற்றினார். இரண்டு வாரத்தில் அவளுக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

டீயைக் குடித்துக்கொண்டே ஜெசிந்தா கேட்டாள்: "சரி அக்கா, மேகம்னா தினம்தான் இருக்கு. அதுல எது நம்மளத் தேடி வாரதுன்னு எப்படித் தெரியும்?"

அக்கா தன் தலையைத் தடவிப் பார்த்தார். "முகுந்தா, என் தொப்பியை அந்தப் பாலத்துக்கிட்ட விட்டுட்டேன் போல. எடுத்துட்டு வாயேன்."

அந்த ஊர்ச் சாலைகள் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராகப் போகும். சிறு பாலம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. முகுந்தன் முணுமுணுத்துக்கொண்டே நடந்து போனான்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்டார்: "அவன் என்ன செய்யுதான், பாரு."

ஜெசிந்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தூரத்தில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. "நிக்குதாரு."

"நல்லாப் பாரு. கம்பத்தோட சேத்து வச்சுப் பாரு."

"கம்பத்துக்கு இந்தப் பக்கமும் போகல, அந்தப் பக்கமும் போகல. நிக்கத்தான் செய்யுதாரு. தொப்பியைக் காணோமோ என்னவோ."

ஜெசிந்தா பிள்ளையின் பல் முளைக்கிற காய்ச்சலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று பக்கத்தில் செருப்புச் சத்தம்.

"தொப்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றான் முகுந்தன், வேர்த்து விறுவிறுத்து. "சீட்டுக்கு அடியில கிடக்குது பாருங்க, உங்க தொப்பி."

ஜெசிந்தா திடுக்கிட்டாள். "எப்ப வந்தீங்க? இப்பதானே அங்க நின்னுட்டு இருந்தீங்க?"

"நான் எங்கீங்க நின்னேன்? திரும்பி நடக்க ஆரம்பிச்சவன் நடந்துட்டேதான் இருக்கறேன்."

அக்கா சீட்டுக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

*

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. கிளம்பும்போது பெலிக்ஸ் வாசலில் நின்று கையசைத்தான். தோளில் மிரியம்.

"போய் நல்லாப் பாத்துட்டு வா," என்றான். "பாத்துப் பாத்தே சலிச்சுப் போகட்டும். அப்பவாச்சும் இந்தக் குழியில விழுற பழக்கம் விடுதான்னு பாப்போம்."

"மேகம் கறுத்தா..."

"ஜெசி." அவன் கும்பிட்டான். "தெய்வமே. போயிட்டு வா."

அன்று புயல் பிறந்த இடம் மேற்கே வெகு தொலைவு. அவர்கள் அதை எட்டிப் பிடித்தபோது மதியம் தாண்டியிருந்தது. பிறகு அது கிழக்கே நடக்க நடக்க, இவர்களும் அதற்கு முன்னால் முன்னால் ஓடி, நின்று பார்த்து, மறுபடி ஓடி, சாயங்கால வெயில் சாய்கிற நேரத்துக்கு ஒரு மண்சாலை மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஜெசிந்தாவுக்கு இடம் பழக்கமானதாக இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் கிழக்கே அவளுடைய ஊரின் தண்ணீர்த் தொட்டி வெள்ளைக் காளான் மாதிரி தெரிந்தது.

"வண்டியை இப்படியே விடுங்க," என்றான் முகுந்தன். "கண்ணாடி வழியா வீடியோ எடுத்தா சூப்பரா வரும். படத்தைப் பாத்துட்டேன். அது வடக்க விலகிப் போகுது. நம்ம பக்கம் வராதுங்க."

அவன் கையில் இருந்த போனில் ரேடார் படம் இருந்தது. மேகம் அதில் சிவப்புப் புண் மாதிரி தெரிந்தது.

ஜெசிந்தா ஸ்டியரிங்கை ஒடித்தாள். வேன் முன்னும் பின்னுமாக உறுமி, தெற்கே போகிற சாலையைப் பார்த்து நின்றது. சாவியை அதிலேயே விட்டு இறங்கினாள்.

"பயந்தாங்கொள்ளிங்க நீங்க," என்றான் முகுந்தன்.

"ஆமா," என்றாள் ஜெசிந்தா.

காற்று நின்றிருந்தது. கோதுமைக் கதிர் ஒன்றுகூட அசையவில்லை. மேற்கே வயல்களுக்கு அப்பால் ஒரு தகரக் குதிர், தானியம் கொட்டி வைக்கிற உயரமான வெள்ளி நிறக் கூடு, வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

அந்தக் கத்தரிக்காய் நிறத்திலிருந்து புனல் இறங்கியது.

அவசரமே இல்லாமல் இறங்கியது. யானை தும்பிக்கையை நீட்டி எதையோ முகர்ந்து பார்க்கிற மாதிரி வந்து தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் செம்மண் கிளம்பியது.

"வந்துருச்சு, வந்துருச்சு!" முகுந்தன் குதித்தான். "ரெண்டு வருசங்க! ரெண்டு வருசம் காத்திருந்தேன். என்ன அழகுங்க! அங்கயே நின்னு போஸ் குடுக்குது பாருங்க!"

அக்கா மேகத்தைப் பார்க்கவில்லை. ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"புனல். தரையைத் தொட்டிருக்கு. அடியில மண்ணு சுத்துது."

"எந்தப் பக்கம் நகருது?"

"வடக்கங்க," என்றான் முகுந்தன், போனைப் பார்த்தபடி.

"அவளைக் கேட்டேன்."

ஜெசிந்தா ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். புனல் குதிருக்குச் சற்று இடப்பக்கம் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புனலுக்கும் குதிருக்கும் நடுவே கொஞ்சம் வானம் தெரிந்தது. அந்த இடைவெளி கூடவில்லை.

"நகரல, அக்கா. அப்படியே நிக்குது."

"நம்ம பக்கம் வராதுன்னு நான்தான் சொன்னேனுங்களே," என்றான் முகுந்தன். "நின்னுருச்சு."

ஜெசிந்தா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவெளி குறையவும் இல்லை. ஆனால் முன்பு விரல் கனம் இருந்த புனல் இப்போது மணிக்கட்டுக் கனம் இருந்தது.

எங்கிருந்தோ அவள் காதில் அந்தப் பாலத்துச் சாலையின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அது நிக்கல. நடந்து வருது. நம்மளப் பாத்து வருது."

முகுந்தன் போனை ஓங்கித் தட்டினான். "படத்துல வடக்கதான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். படத்தின் மூலையில் போட்டிருந்த நேரத்தை அப்போதுதான் பார்த்தான். சிக்னல் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவன் இவ்வளவு நேரமும் பழைய மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். வெள்ளைக் காளான். தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே அவள் தெரு.

*

அவளுடைய போனில் சிக்னல் ஒரு கோடு இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. பெலிக்ஸ் எடுத்தான். பின்னால் மிரியம் தண்ணீரில் கையை அடித்து அடித்துச் சிரிக்கிற சத்தம். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க... எனக்கு... ஏங்க, எனக்குப் பயமா..."

"ஜெசி." அவன் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. "மறுபடியுமா? இங்க வெயில் அடிக்குதும்மா."

அவள் தொண்டைக்குள் ஒரு கதறல் ஏறி வந்துகொண்டிருந்தது. ஐந்து தடவை, ஆறு தடவை அவன் காதில் விழுந்து தேய்ந்து போன அதே கதறல். அது வெளியே வந்தால் அவன் போனை வைத்துவிடுவான். அவளுக்குத் தெரியும்.

அக்கா அவள் தோளைத் தொட்டு மேற்கே திருப்பினார். அவ்வளவுதான்.

ஜெசிந்தா கதறலை விழுங்கினாள். கண்ணை அகல விரித்துக்கொண்டாள்.

"நான் நம்ம ஊருக்கு நேர் மேற்க, மண்ரோட்டு மேட்டுல நிக்கேன்," என்றாள். "மேற்க பாத்து நிக்கேன். டொர்னேடோ ஒண்ணு தரையைத் தொட்டிருச்சு. கண்ணால பாத்துட்டு இருக்கேன்."

பக்கத்தில் அக்கா ரேடியோவைத் திறந்து, அவள் சொன்னதை ஆங்கிலத்தில் அப்படியே திருப்பிச் சொன்னார்.

"அடியில மண்ணு சுத்துது. இப்ப தகரமும் சுத்துது. குதிரோட கூரை போயிருச்சு."

அக்கா அதையும் சொன்னார்.

"இடமும் போகல, வலமும் போகல. பெருசாயிட்டே வருது. எனக்கு நேரா வருது. எனக்குப் பின்னாடி இருக்கது நம்ம ஊரு."

அதையும் சொன்னார்.

போனில் சத்தமே இல்லை. தண்ணீர்ச் சத்தம்கூட நின்றிருந்தது. அவன் வைத்துவிட்டான் என்று நினைத்தாள்.

"பிள்ளைக்குச் சட்டை போட நேரம் இருக்கா?" என்று கேட்டான் பெலிக்ஸ்.

"இல்ல. அப்படியே தூக்குங்க."

கதவு படாரென்று திறக்கிற சத்தம். ஓடுகிற சத்தம். டோரதி அம்மாவின் பெயரை அவன் உரக்கக் கூப்பிடுவது கேட்டது. நாய் குரைத்தது. அதற்கும் பிறகுதான், போனுக்குள் மிகத் தொலைவில், ஊர்ச் சங்கு ஊத ஆரம்பித்தது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"ஏறு," என்றார் அக்கா.

வேன் தெற்கே பார்த்து நின்றது. சாவி அதில் இருந்தது. மூவரும் ஏறிக் கதவை மூடியதும் ஜெசிந்தா ஆக்சிலரேட்டரை மிதித்தாள். பின்கண்ணாடியில் அவர்கள் நின்ற மேடு மண்ணாகிக் கலங்கியது. முகுந்தன் கேமராவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் முன் சீட்டைக் கட்டிப்பிடித்திருந்தான்.

போதும் என்று அக்கா சொன்னபோது நிறுத்தினாள். இறங்கி வடக்கே பார்த்தார்கள்.

இங்கிருந்து பார்க்கும்போது அது நகர்ந்தது. வயல்களைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, இடமிருந்து வலமாக, ஊரைப் பார்த்து, நன்றாக எல்லாரும் பார்க்கிற மாதிரி நகர்ந்தது.

ஜெசிந்தா வேனுக்கு ஓடினாள். "நான் போறேன். என் பிள்ளை அங்க இருக்கு."

அக்கா தடுக்கவில்லை. "சாவி வண்டியிலதான் இருக்கு. என்ன தெரியுதுன்னு சொல்லிட்டு எடு."

ஜெசிந்தா கதவைப் பிடித்தபடி நின்றாள். நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

"புனல் ஊருக்கு இந்தப் பக்கம் இருக்கு," என்றாள். "ரோட்டுக்கு மேலயே இருக்கு. மின்கம்பம் சாஞ்சு கம்பி குறுக்க கிடக்கு."

அவள் கை கதவிலிருந்து நழுவியது.

"சொல்லு," என்றார் அக்கா.

"தொட்டிகிட்டப் போகுது. தொட்டி தெரியல. மழை மறைக்குது. இல்ல, தெரியுது. தொட்டி நிக்குது. புனல் அதுக்கு வடக்க... வடக்க போகுது." அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது. "மெலியுது, அக்கா. கயிறு மாதிரி ஆயிருச்சு. வளையுது. மாதாவே... அறுந்துருச்சு. இல்ல. இப்ப ஒண்ணும் இல்ல."

முகுந்தன் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினான்.

*

வேறு வழியாகச் சுற்றி ஊருக்குள் வந்தபோது தெரு முழுக்கக் கிளைகளும் கூரைத் துண்டுகளும் கிடந்தன. ஜெசிந்தா வேனைக் குறுக்கே போட்டு, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினாள். அவர்கள் வீட்டுக் கூரையில் பாதி இல்லை. குளியலறை இருந்த பக்கத்தில் ஒரு மரம் படுத்திருந்தது.

எதிர்வீட்டு நிலவறைக் கதவின் மேல் ஒரு பெரிய கிளை. ஜெசிந்தாவும் முகுந்தனும் இழுத்தார்கள். உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். கிளை நகர்ந்தது. கதவு திறந்தது.

முதலில் நாய் வந்தது. பிறகு டோரதி அம்மா. பிறகு பெலிக்ஸ், சட்டையில்லாமல். அவன் சட்டைக்குள் சுருட்டி வைத்த மாதிரி மிரியம். தலையில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

வெகுநேரம் கழித்து, டோரதி அம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது ஜெசிந்தா கேட்டாள்: "அத்தனை தடவை கூப்பிட்டும் வராதவரு, இன்னைக்கு எப்படிக் கிளம்புனீங்க?"

பெலிக்ஸ் இடிந்து கிடந்த தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ அழல," என்றான். "ஒரு சத்தம் போடல. பக்கத்துல உக்காந்து மீன் விலை சொல்லுத மாதிரி சொன்ன. அப்பதான் இது நெசம்னு தெரிஞ்சுது."

எழுந்து போய் முகுந்தனுடன் சேர்ந்து கிளைகளை இழுக்க ஆரம்பித்தான்.

அக்கா ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். மேற்கே வானம் துடைத்த மாதிரி இருந்தது. வெயில் மஞ்சளாக விழுந்தது. மிரியம் அம்மாவின் மடியில் கிடந்து காதுக் கம்மலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் ஜெசிந்தா. "பாருங்க, என் கை இன்னும் நடுங்குது. முன்னைவிட எனக்கு இப்பப் பயம் கூடித்தான் இருக்கு. முதல் நாளு கேட்டேன், பயத்தை எப்படி விடுறதுன்னு. நீங்க அதுக்குப் பதிலே சொல்லலையே."

அக்கா தெருவைப் பார்த்தார். வேன் குறுக்கே, மூக்கு வீட்டுச் சுவரைப் பார்த்து, கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

டீயைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கிளைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஒடித்து ஒடித்து, வேனைத் தெரு முனையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். இறங்கி, கதவை மட்டும் மூடிவிட்டு, சாவியை அதிலேயே விட்டு வந்து உட்கார்ந்தார்.

"இனிமே என்னக்கா வரப்போகுது?" என்றாள் ஜெசிந்தா. "வானம்தான் தெளிஞ்சிருச்சே."

அக்கா டீ டம்ளரை எடுத்தார். அவர் பிடியில் டம்ளருக்குள் டீ சிறு சிறு வட்டமாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"உன்னை விட எனக்குப் பயம் ஜாஸ்தி, புள்ள," என்றார்.